பதினொன்றாம் எண்ணின் அப்பா

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மெஷின் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். "மெஷின் சாப்பிடப் போயிருக்கு, அரை மணி ஆகும்" என்று யாராவது சொன்னால் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் நமக்குத் தெரியாது. அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது.

இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் வக்கீல் ஆபீஸ்களில் டைப் அடித்தவர். வக்கீல் வாயை மூடுவதற்குள் வாக்கியம் தாளில் ஏறியிருக்கும். ஒரு பிழை இருக்காது. அந்த விரல்களுக்காகத்தான் எங்கள் ஆராய்ச்சித் தலைவி அவரை வேலைக்கு எடுத்தார். தலைவியை நாங்கள் மேடம் என்போம். மனிதர்கள் கம்ப்யூட்டரோடு பேச முடிந்தால் எப்படிப் பேசுவார்கள் என்பது மேடத்தின் ஆராய்ச்சி. சிக்கல் என்னவென்றால், அன்றைக்குப் பேசத் தெரிந்த கம்ப்யூட்டரே கிடையாது. இப்போது ஆளாளுக்குக் கைபேசியிடம் புலம்புகிறார்கள். நான் சொல்வது அதற்கு ரொம்ப முந்தி. இல்லாத கம்ப்யூட்டரை இருப்பதுபோல் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஏற்பாடு இதுதான். முன்னறையில் ஒரு மேஜை, ஒரு திரை, ஒரு மைக். ஆய்வுக்கு வருகிறவர் அங்கே உட்கார்ந்து வாய்விட்டுப் பேசுவார். சுவருக்கு இந்தப் பக்கம், ஜன்னல் இல்லாத சின்ன அறையில், மெஷின் அதை ஹெட்போனில் கேட்டுப் பதில் அடிப்பார். பதில் அங்கே திரையில் வரும். பக்கத்து ஸ்டூலில் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வருகிறவர்கள் ஆறு வாரம், வாரத்துக்கு ஒருமுறை வருவார்கள். தங்கள் வாழ்க்கையில் எடுக்க வேண்டிய ஏதாவது ஒரு முடிவைப் பற்றி அந்தக் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும். அவ்வளவுதான்.

விதிகளை மேடம் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். பதில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. பேசுகிறவர் சொல்லாததை ஊகித்துச் சொல்லக் கூடாது. இதைச் செய், அதைச் செய்யாதே என்று முடிவு சொல்லக் கூடாது. அடித்த பதில் உடனே போகாது. நாலு செகண்ட் எங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டுத்தான் திரைக்குப் போகும். ஒரே சீராக வந்தால்தான் கம்ப்யூட்டர் மாதிரி இருக்குமாம். அதற்குள் வேண்டுமானால் அழித்து மாற்றலாம். சுவருக்குப் பின்னால் ஆள் இருக்கிற விஷயத்தை வெளியே மூச்சுவிடக் கூடாது, வீட்டில்கூட. பேச வந்திருப்பவர் தெரிந்தவராக இருந்தால் உடனே கையைத் தூக்கிவிட்டு எழுந்துவிட வேண்டும்.

மெஷின் ஒருமுறை கையைத் தூக்கவில்லை. நானும் அவரை எழுப்பவில்லை. எங்கள் இரண்டு பேர் தப்பையும் இப்படி இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பதினொன்றாம் எண் ஓர் இளம்பெண். "ஹலோ, நான் பேசறது கேட்குதா?" என்று அவள் ஆரம்பித்ததும் மெஷினின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அவை நின்று நான் பார்த்ததே இல்லை.

"என்னண்ணே?" என்று கிசுகிசுத்தேன்.

"ஒண்ணுமில்ல." பிறகு அடித்தார்: கேட்கிறது. சொல்லுங்கள்.

அவள் போன பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, அது என் பொண்ணு" என்றார்.

அவர் மனைவி இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர், இரண்டு சாவி. காலம் முழுக்க வக்கீல்கள் சொன்னதை அடித்தவருக்குத் தன் பெண் சொல்ல இன்னொருவர் அடிக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் ஆய்வுக்கூடம் இருந்த அதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் அவளைச் சேர்த்திருந்தார். அப்பா நூலக ஆபீசில் டைப் அடிக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். விதியை மதித்து அவர் வீட்டில் சொன்ன பொய் அது. ஆய்வுக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பலகையில் பார்த்துவிட்டு நேராக எங்களிடமே வந்து சேர்ந்திருக்கிறாள்.

"மேடம்கிட்ட சொல்லிடலாம்ணே."

"சொல்லணும்தான்." ஹெட்போன் ஒயரைச் சுற்றி வைத்தார். "வீட்ல 'சாப்டியா', 'கதவைச் சாத்து', இவ்வளவுதான் தம்பி எங்க பேச்சு. அவ இப்படித் தொடர்ந்து அரை மணி நேரம் பேசி நான் கேட்டதே இல்ல. இன்னும் ஒரே ஒரு வாரம்."

சரி என்றேன். பெரிய மனது பண்ணியதாக எனக்கு நினைப்பு வேறு.

இரண்டாவது வாரம் விஷயம் வந்தது. அவளுக்குச் சட்டம் வேண்டாம். ரயில் ஓட்ட வேண்டும். வேறு ஊரில் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, விண்ணப்பத்துக்கு ஐந்து வாரம் அவகாசம் இருக்கிறது. "சின்ன வயசுலேர்ந்து ஆசை. சொன்னா சிரிப்பாங்க. நீ சிரிக்க மாட்டேல்ல?"

'வேண்டாம்' என்று மெஷின் அடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு சொல் திரைக்குப் போகாமல் எங்கள் பக்கம் நின்றது. மூன்றாவது செகண்டில் அழித்தார். பிறகு வந்தது: சிரிக்க மாட்டேன். ரயிலில் எது பிடிக்கும்?

அவள் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அவரும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊரில் எந்த அப்பாவும் பெண்ணிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். நானும் இரண்டு பெண்களைப் பெற்றவன், எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம், "இதை உங்கள் அப்பாவிடம் சொன்னீர்களா?" என்று அடித்தார்.

"அவர்கிட்டயா? சுவத்துக்கிட்ட சொல்லலாம்" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ என்னைப் பார்க்கவே விடலை அவரு. வீட்லயே இருன்னுட்டாரு. அம்மா போனப்புறம்கூட என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. என்மேல ஏதோ கோபம்னு நினைச்சு நினைச்சே வளர்ந்துட்டேன்."

மெஷின் ரொம்ப நேரம் அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். கடைசியில் போனது இது: கோபமாக இருந்திருக்காது. உங்கள் முன்னால் அழுதுவிடுவோம் என்று அவர் பயந்திருக்கலாம்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருக்கலாம். நீ சொன்னப்புறம்தான் தோணுது" என்றாள்.

மறுநாள் பதிவைப் படித்த மேடம் அவரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்துவிட்டார். "அவங்க சொல்லாததை நீங்க எப்படிச் சொல்லலாம்? உங்களுக்கு எப்படித் தெரியும், அவங்க அப்பா என்ன நினைச்சாருன்னு?" மெஷின் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே நடக்காது மேடம்" என்றார். பக்கத்தில் நின்ற நான் எல்லாவற்றையும் மென்று முழுங்கினேன்.

"போதும்ணே, வீட்ல நேரா பேசிடுங்க" என்று வெளியே வந்ததும் கெஞ்சினேன்.

"பேசலாம்னுதான் நேத்து அவ ரூம் வாசல் வரைக்கும் போனேன். அவ நிமிர்ந்து பார்த்தா. 'லைட்டை அணை'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்ல நாலு செகண்ட் கிடைக்க மாட்டேங்குது தம்பி. வாயில முதல்ல வர்றது வெளிய போயிடுது."

ஐந்தாவது வாரம் அவள் நேராகவே கேட்டாள்: "நான் போகட்டுமா?"

முடிவு சொல்லக் கூடாது. இந்தத் தடவை அவர் விதியை மீறவில்லை. அடித்தார்: நீங்கள் போவதென்று எப்போதோ தீர்மானித்துவிட்டீர்கள். விண்ணப்பத்தில் இன்னும் என்ன பாக்கி இருக்கிறது?

அவள் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு ஹெட்போனில் காதைப் பிளந்தது. மெஷினும் சிரித்தார், சத்தமில்லாமல். அந்த முகத்தில் சிரிப்பு வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆறாவது வாரம் முடிந்ததும் வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது மேடத்தின் வழக்கம். பின்னறைக்கு அழைத்துவந்து, "இவ்வளவு நாள் உங்களோட பேசினது இவர்தான்" என்று காட்டுவார். சிலர் சிரிப்பார்கள். ஒருவர் செருப்பையே கழற்றிவிட்டார். காட்டிய பிறகு ஒரு தாள் கொடுக்க வேண்டும். பேசியதை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா, அடியோடு அழித்துவிட வேண்டுமா என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வாரம் பார்த்து மேடம் வெளியூரில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டார். காட்டுகிற வேலை என் தலையில். கடைசிப் பேச்சு முடிந்ததும் மெஷின் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் பேசினதா சொல்லிடு தம்பி."

"என்னண்ணே இது! இதைவிட்டா நல்ல சமயம் கிடைக்குமா?"

"இப்போ நான் இங்க உட்கார்ந்திருந்தா, ஆறு வாரம் ஒட்டுக் கேட்டான் அப்பன்னு ஆயிடும். அவமானத்துல செத்துருவா. இன்னிக்கே வீட்ல நானே சொல்லிடறேன். சத்தியமா."

பின்கதவு வழியாகப் போய்விட்டார். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். சூடுகூட ஆறியிருக்கவில்லை.

அவளை உள்ளே கூப்பிட்டு, "இவ்வளவு நாள் பேசினது நான்தாம்மா" என்றேன். செருப்பு வரும் என்று பயந்தேன். அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கப்பா ஒரு நாளாவது உங்களை மாதிரி பேசியிருந்தா..." என்றாள்.

தாளை நீட்டினேன். "எது நல்லது?" என்று கேட்டாள்.

"அழிச்சுடலாம்மா. உங்க சொந்த விஷயம், எதுக்கு வெளிய இருக்கணும்?" என்றேன். அக்கறையாம்! மேடம் திரும்பிவந்து துருவினால் எங்கள் இரண்டு பேர் வேலையும் போய்விடும் என்ற பயத்தில் சொன்னது அது. கையெழுத்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் ஒலிநாடாவை அழித்தேன், அச்சடித்த தாள்களைக் கிழித்தேன். மேடத்தின் அறிக்கையில் பத்துக்குப் பிறகு பன்னிரண்டுதான் இருக்கிறது.

அன்று வீட்டில் என்ன நடந்தது என்று இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அப்பா வாயைத் திறப்பதற்குள் பெண் முந்திக்கொண்டாள். "நான் சட்டத்தை விடறேன். ரயில் ஓட்டப் போறேன்." அவர் சொன்னது ஒரே சொல்: "சரி." தன் முழு மனசும் அதில் இருந்தது என்றார் அவர். போனால் போ என்று சொன்ன மாதிரி இருந்தது என்றாள் அவள்.

அவள் போனாள், ரயில் ஓட்டினாள். என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குப் போன் வரும். திங்கட்கிழமை பூங்கா பெஞ்சில் மெஷின் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்.

"என்ன சொன்னா?"

ஒன்று விடாமல் சொல்வேன். விரைவு ரயிலுக்கு அவளை மாற்றிய செய்தி வந்தபோது அவர் பெஞ்சை விட்டு எழுந்து குழந்தை மாதிரி ஒரு சுற்று நடந்தார். நாலு நாள் கழித்து அவள் நேரில் வந்து சொன்னபோது அவருக்கு அது பழைய செய்தி. "அப்படியா, நல்லது" என்றிருக்கிறார். "அவருக்குச் சந்தோஷமே இல்ல மாமா" என்று அவள் என்னிடம் குறைப்பட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சொல்லித் தொலைங்கண்ணே" என்று எத்தனை தடவை சத்தம் போட்டிருப்பேன். "அடுத்த தடவை வரட்டும்" என்பார். நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைப் போனை இழக்க எனக்கு மனசில்லை. என் சொந்தப் பெண்கள் என்னோடு அவ்வளவு பேசியதில்லை.

பதினேழு வருடம் இப்படியே ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெண் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். "மாமா, வாங்களேன். எனக்கு வேற யாரும் இல்ல."

எல்லாம் முடிந்த மறுநாள், அந்த வீட்டில், அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தாறு வயசு ஆயிடுச்சு மாமா. நான் யாருன்னு கடைசி வரைக்கும் அப்பா தெரிஞ்சுக்காமலே போயிட்டாரு" என்றாள்.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அங்கே டைப் அடித்தவர் அவர், நான் வெறும் ஒலிப்பதிவுக்காரன், நாற்காலியில் உட்கார்ந்தது பொய், பூங்கா, திங்கட்கிழமைகள், எல்லாம். அவர் அடித்து அனுப்பிய வரிகளை வரிக்கு வரி சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில், "அப்பா அங்க வேலை பார்த்தாருன்னா பார்த்திருக்கலாம் மாமா. ஆனா அந்தப் பேச்சு அவரோடது இல்ல. அவரோட பத்தொன்பது வருஷம் ஒரே வீட்ல இருந்தவ நான்" என்றாள்.

"அம்மா விஷயத்துல அவர் என்ன அடிச்சாருன்னு சொன்னேனே! அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே மாமா சொன்னீங்க அதை. உங்களுக்குத் தெரியாதா?"

ஒலிநாடா எங்கே, தாள் எங்கே? என் கையாலேயே அழித்தேன், கிழித்தேன். அவள் எழுந்துவந்து, அன்றைக்குப் பிடித்த மாதிரியே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என் மனசு ஆறணும்னு இவ்வளவு பெரிய கதை சொல்றீங்களே. உங்களைத் தவிர யார் எனக்காக இப்படிச் செய்வாங்க?"

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுகிறாள். அவருக்குச் சேர வேண்டிய பேச்சு என்று தெரிந்தேதான் போனை எடுக்கிறேன்.