கழற்றிவிட்ட ஆக்சிலேட்டர் கம்பி

இது நடந்தது. ஊர் திண்டிவனம். வருடம் 2006, மே மாதம், ஒரு வியாழக்கிழமை. ராத்திரியில் இல்லை; நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிற உச்சி வெயிலில். நம்பாதவர்கள் லூர்துநாதனையே போய்க் கேட்கலாம். அவர் முன்னால் ஜூட் என்ற பெயரை மட்டும் எடுக்காதீர்கள்.

லூர்துநாதன் இருபது வருடம் அடுத்தவர் பட்டறையில் மெக்கானிக். சொந்தமாக ஒரு வண்டி, அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை லோடு, இதுதான் அவர் ஆசை. கண்டமங்கலத்து ஜூட் தன்னுடைய பழைய பெட்ரோல் பிக்கப்பை அவருக்கே விற்றான். ஒரே பட்டறையில் கூடத் தொழில் கற்றவன். அவன் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் லூர்து.

"வண்டில எதனா வில்லங்கம் உண்டா மச்சான்?" என்று வாங்கிய அன்றே கேட்டிருந்தார்.

"உன் ஞானப்பொண்ணு மேல சத்தியமா ஒண்ணும் இல்ல மச்சான். ஐடிலிங்தான் பேஜாரு. உன் கை பட்டா சரியாப் பூடும்."

மூன்று மணிக்கு விழுப்புரத்தில் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, பார்க்க வண்டியை நிறுத்த வேண்டும். தேறினால் திங்கட்கிழமை முதல் லோடு. தேறாவிட்டால் மறுபடி அடுத்தவர் பட்டறை.

பதினொன்று பத்துக்கு வீட்டு வாசலில் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். ஐடிலிங் என்றால், ஆக்சிலேட்டரை மிதிக்காதபோதும் எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓடுவது. இது 'டக... டக... டபக்' என்று நொண்டியது. மிதித்தால் சீராகும், காலை எடுத்தால் மறுபடி நொண்டும். இந்த மாதிரிக் கோளாறை ஒவ்வொரு சந்தேகமாகக் கழித்துத்தான் பிடிக்க முடியும். முதலில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். பிடுங்கியதும் எஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் உயிரோடு இருக்கிறது. நான்குக்கும் தடுமாறியது. அப்படியானால் உள்ளே திருட்டுக் காற்று நுழைகிறது. கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் அளந்து கலக்கும். அதற்குக் கீழே மயிரிழை அளவு சந்து இருந்தாலும், அளக்காத காற்று புகுந்து கலவையைக் கெடுத்துவிடும். சோப்புத் தண்ணீரை கார்புரேட்டரின் அடியில் சுற்றிலும் விட்டார். ஓர் இடத்தில் 'சுர்ர்' என்று உறிஞ்சியது.

"மாட்டிக்கினியா!" என்றார்.

கார்புரேட்டரைக் கழற்றினார். அடியில் சந்தை அடைக்கிற கேஸ்கெட் அட்டை காய்ந்து வெடித்திருந்தது. பழைய வெடிப்பு, அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது. புதிதாக வெட்டி வைத்து முடுக்கினார். கடைசி வேலையாக ஐடிலிங் திருகைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு உள்ளே ஓர் ஆள் தேவை. மனைவி பவுலினைக் கூப்பிட்டார்.

"எஃப்.சி.ல வண்டியப் பாப்பாங்களா, உங்க மூஞ்சியப் பாப்பாங்களா? மூஞ்சி பூரா கிரீசு," என்றபடி ஏறி உட்கார்ந்தாள்.

"ஜல்தி சாவியத் திருப்பு."

மணி 12:26. எஞ்சின் பிடித்தது. தூக்கிய பானெட் மறைத்ததால் டிரைவர் சீட் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் அமுக்கு."

சத்தம் ஏறியது.

"விடு."

இறங்கியது.

"அமுக்கு... அப்படியே புடி."

பிடித்தது. இம்மி கூடவில்லை, குறையவில்லை. லூர்துவுக்கு ஆச்சரியம். மொபெட் ஓட்டவே கை நடுங்குகிறவள் பவுலின். இது பழகிய டிரைவர் கால்.

12:31. திருகைத் திருப்பக் குனிந்தார். அப்போதுதான் அதைப் பார்த்தார்.

ஆக்சிலேட்டர் கம்பி. பெடலையும் கார்புரேட்டரையும் இணைக்கிற ஒரே கம்பி. கழற்றியவர் திரும்ப மாட்ட மறந்திருந்தார். அது காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெடலை யார் மிதித்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது...

"பவுலின்!"

"இன்னாங்க?"

குரல் பின்னாலிருந்து வந்தது. குழாயடியிலிருந்து. ஈரக் கையோடு நின்றாள்.

"பொக வாடை தலையச் சுத்துச்சு. நா அப்பவே எறங்கிட்டனே."

"எப்ப?"

"சாவியத் திருப்புன ஒடனே."

எஞ்சின் இன்னும் அதே சுருதியில்...

கதவைத் திறந்தார். சீட் காலி.

பெடல் பாதிவரை அமுங்கியிருந்தது.

"வி... விடு."

மெதுவாக... மேலே வந்தது.

12:44. ஜூட்டுக்குப் போன் போட்டார்.

"மச்சான்... இந்த வண்டி..."

மறுமுனையில் தாழ்ந்த குரல்:

"கண்ணையன் என்னப் பத்தி எதனா கேட்டானா?"

அந்தப் பெயரை லூர்து அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை. இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு ஜூட் போனை எடுக்கவில்லை.

விழுப்புரத்துக்கு வண்டி போகவில்லை. லூர்துதான் பஸ் ஏறி கண்டமங்கலம் போனார். நான்கரை மணி. ஜூட் வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டு சவுரியம்மாள் வெளியே வந்தாள்.

"கண்ணையனா? ஜூட்டு வச்சிருந்த டிரைவரு. போன ஐப்பசி மழையில ஷெட்டுக்குள்ள அந்த வண்டிக்கு ஐடிலிங் பாத்தாங்க. அவன் ஒக்காந்து மிதிச்சிக்கினு இருந்தான். பொகையிலயே செத்துப் பூட்டான். பெடல்ல இருந்து கால எடுக்கறதுக்குள்ள பெரும்பாடு."

"ஷெட்டுக் கதவு?"

"வெளிப்பக்கம் தாப்பா போட்டிருந்துச்சு. சாரல் அடிக்குதுன்னு போட்டேன்னு ஜூட்டு சொன்னாரு."

"அப்ப ஜூட் எங்க இருந்தான்?"

"தோ, இங்கதான். எங்க ஊட்ல டீ குடிச்சிக்கினு. ஒரு மணி நேரம் இருக்கும். எஞ்சின் சத்தம் ஒரே சீரா கேட்டுச்சு. 'கேட்டியாக்கா, ஐடிலிங் செட்டாயிடுச்சி'ன்னு சிரிச்சாரு."

லூர்து ஷெட் பக்கம் திரும்பினார்.

வெடித்த அந்த கேஸ்கெட்டோடு அந்த எஞ்சின் தானாகச் சீராக ஓடவே ஓடாது. உள்ளே ஒரு கால் மிதித்துக்கொண்டிருந்தால்தான் ஓடும். லூர்துவுக்கு அது தெரியும்.

ஜூட்டுக்கும் தெரியும்.