முழங்கால் நோவுக்கு ஒரு கடிதம்

போன புதன்கிழமை நான் ஒரு பொய்க் கடிதம் எழுதினேன். வாராவாரம் பத்தி எழுதுகிறவளுக்கு அது பெரிய வேலையா என்ன? ‘மகளுக்கு முழங்கால் நோ. உடற்கல்விப் பாடவேளையில் வகுப்பறையிலேயே இருந்து கணக்குச் செய்ய அனுமதிக்கவும்.’

மகள் தரம் எட்டு. கணக்கில் முப்பத்திரண்டு. பந்தடித்தால் கணக்கு வருமா? அவள் கெஞ்சினாள், நான் அசையவில்லை. ஜெயபுரத்திலிருந்து தினமும் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறவள்... ஊர் நம்ப வேண்டுமே என்று அன்று ஸ்கூட்டியில் ஏற்றிப் போனேன்.

மைதானத்தில் கரப்பந்து வலை கட்டிக்கொண்டிருந்த உடற்கல்வி ரீச்சர் கடிதத்தை வாசித்தார். புதிதாக வந்தவர்.

“ஓம், பிள்ளை ஓட வேண்டாம். வேப்பமரத்துக்குக் கீழ இருந்து புள்ளி எழுதட்டும். என்ர பாடத்தில ஒருத்தரும் சும்மா இருக்கிறேல்லை.”

“கணக்கு...” என்று இழுத்தேன்.

“புள்ளி கூட்டுறதும் கணக்குத்தானே அம்மா.”

எங்கள் காலத்தில் வேகமாக ஓடும் நாலு பேர் விளையாடுவார்கள். மிச்சப் பேர் கைதட்டுவோம். விளையாட்டுப் போட்டியில் நானும் முதற்பரிசு வாங்கியவள்தான் — எங்கள் இல்ல அணியின் பந்தலை அலங்கரித்ததற்கு. இங்கேயோ பாடம் தொடங்கியதுமே எல்லாருக்கும் பந்து போகிறது. தவறவிட்ட பிள்ளைக்கு இன்னொரு தரம் போகிறது.

“நீங்களும் சும்மா நிக்காதேங்கோ,” என்று ரீச்சர் பந்தை என் கையில் தந்துவிட்டார்.

சேலையைச் செருகிக்கொண்டு அடித்தேன். முதற்பந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனது. இரண்டாவது வலைக்குக் கீழால். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

மரத்தடியில் இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. புள்ளி எழுதிய கொப்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“கையால மட்டும் அடிச்சாக் காணாது அம்மா. முழங்காலை நல்லா மடக்கி எழும்புங்கோ. இஞ்ச பாருங்கோ, இப்பிடி.”

மூன்று தரம் மடக்கி எழும்பிக் காட்டினாள். நானும் மடக்கினேன், அடித்தேன்... பந்து வலைக்கு மேலால் போய்விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். மைதானத்தில் எனக்குக் கிடைத்த முதற் கைதட்டல். சந்தோஷத்தில் துள்ளினேன்.

பிறகுதான் ரீச்சரைப் பார்த்தேன். அவர் மகளின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைக்கு நோ சுகம் போல,” என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. “ஓம் ரீச்சர்... விளையாடட்டும்,” என்றேன். மகள் அதற்குள் வலையடிக்குப் போய்விட்டாள்.

நல்ல உடற்கல்விப் பாடம் எது என்று என்னைக் கேட்டால், வேடிக்கை பார்க்க ஒருவரையும் விடாத பாடம் என்பேன். பொய் சொல்ல வந்த தாயைக்கூட.

அன்று பின்னேரம் எனக்கு உண்மையாகவே முழங்கால் நோ. கடிதம் பத்திரமாக இருக்கிறது... ஆளை மட்டும் மாற்றினால் போதும்.