ஏ. ஹெலனும் பி. ஹெலனும்

புறங்கையை விளக்கின் கீழே நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார் ஹெலன் அக்கா. பிறந்த குழந்தையைக் குளிர் படாமல் படுக்கவைக்கும் கட்டில் அது. தலைக்கு மேலே சூடு தரும் விளக்கு இருக்கும். ஆஸ்பத்திரியில் வார்மர் என்பார்கள். எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், காலி வார்மர் ஒன்று கண்ணில் பட்டால் இவர் கை தானாக நீண்டுவிடும். திரையில் டிகிரி பளிச்சென்று தெரியும். அதை நம்ப மாட்டார். "நம்பரு இன்னா வேணா காட்டும். கொயந்தைக்கு நம்பரா ஒறைக்கும்?" தன் கடையில் விற்ற மிஷின் என்றால் கை நிதானமாக நிற்கும். "நல்லா கீது" என்று பதில் வரும். போட்டிக் கடைக்காரி சாருலதா விற்ற மிஷின் என்றால் சூடு தோலில் படுவதற்குள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்.

"சுமார்."

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது ஹெலன் சர்ஜிகல்ஸ். பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், டெண்டர் பேப்பர் ஏற்றுவது எல்லாம் உண்டு. அதனால் அக்காவின் அன்றாடம் எனக்கு அத்துப்படி. கைப்பையில் ஜெபப் புத்தகமும் டெஸ்டரும் ஒன்றாகக் கிடக்கும். பேரம் பேசும்போது பேனா மூடியைக் கடிப்பார். அவர் கடையில் மூடி முழுசாக உள்ள பேனா ஒன்றுகூட இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். ஆனால் சாருலதாவின் வேன் தெருமுனையைக் கடக்கும் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வாசலுக்கு வந்துவிடுவார், உள்ளே எத்தனை பெட்டி என்று பார்க்க.

இருவரும் ஒரு காலத்தில் மறைமலைநகர்க் கம்பெனி ஒன்றில் விற்பனை வேலைக்கு ஒன்றாகச் சேர்ந்தவர்கள். ஒரே பஸ், மழை வந்தால் ஒரே குடை. பிறகு ஆளுக்கொரு கடை வைத்தார்கள். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் அக்காவுக்கு இன்றும் அணையவில்லை. சாருலதா மாமல்லபுரம் பக்கம் வீடு கட்டியபோது, "கடலாண்ட கட்டிகினா இல்ல? உப்புக் காத்துல கேட்டு துருப் புடிச்சி உதிரும் பாரு" என்றார். கேட் உதிர்கிறதா என்று பார்க்கவே அந்த வழியாக பஸ்ஸில் போய்வருவார். திரும்பி வரும்போது முகம் தொங்கியிருக்கும். "இன்னும் பெயிண்ட்டுகூட உரியல கண்ணகி."

எனக்கும் பொறாமை உண்டு, சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி இப்படி எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்க உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை.

போன வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வார்மர் வாங்க டெண்டர் வந்தது. தகுதிக்கு ஒரு கவர், விலைக்கு ஒரு கவர். இருவரும் நேருக்கு நேர் மோதிய முதல் டெண்டர் அது. லாபத்தைப் பற்றி அக்கா பேசவே இல்லை. "ஒரே ஒரு தபா, அவ கண்ணெதிர்ல அவள ஜெயிக்கணும். அப்பால கடைய மூடினாலும் சரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தகுதிக் கவரிலேயே இவரை வெளியே தள்ளிவிட்டார்கள். இவருடைய விலைக் கவர் பிரிக்கப்படவே இல்லை. ஆர்டர் சாருலதாவுக்குப் போனது.

காரணம் ஓர் எழுத்து. கடையைப் பதிந்தது கல்யாணத்துக்கு முன்னால். அப்பா ஆபிரகாம் என்பதால் அதில் ஏ. ஹெலன். வங்கிக் கணக்கு கல்யாணத்துக்குப் பிறகு. கணவர் பெஞ்சமின் என்பதால் அதில் பி. ஹெலன். 'ஆவணங்கள் இரு வேறு நபர்களுடையவை' என்று கம்ப்யூட்டரில் நிராகரித்திருந்தார்கள். கழுத்தில் தாலி ஏறியதும் நம் ஊர்ப் பெண்களுக்கு இனிஷியல் மாறிவிடுகிறது. இது தெரிய கம்ப்யூட்டர் என்ன, கல்யாணத்துக்கு வந்து பிரியாணியா சாப்பிட்டது?

"ஏ வூட்ல பொறந்தேன், பி வூட்டுக்குப் போனேன். நடுவுல இன்னொருத்தி எங்கேந்து வந்தா?" என்று அக்கா தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

அதையும் பொறுத்திருப்பார். சாருலதாவின் அப்பா பெயர் ஸ்ரீனிவாசராகவன், கணவர் பெயர் சரவணகுமார் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இங்கிலீஷில் எழுதினால் கல்யாணத்துக்கு முன்னும் எஸ்., பின்னும் எஸ். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

"புருசனக்கூட டெண்டரப் பார்த்துப் புடிச்சிகீறா பாரேன்!"

மேல்முறையீடு செய்தோம். இரண்டு ஹெலனும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்டார் விசாரித்த அதிகாரி. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தெரிந்தவராக, இதே தொழிலில் உள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பழைய கம்பெனி மூடியாகிவிட்டது, மேனேஜர் இறந்துவிட்டார். மிஞ்சியது ஒரே ஆள்.

"அதுக்கு நா தோத்துட்டே போறேன்" என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார் அக்கா. அவரிடம் கேட்காமல் நானே சாருலதாவுக்கு போன் செய்தேன்.

மறுநாளே வந்துவிட்டார் சாருலதா. என் கடையில் நின்றபடியே பத்திரத்தைப் படித்தார். அக்கா எதிரே நின்று அவர் புடவையைப் படித்தார்.

"இதுல நீ கையெழுத்துப் போட்டா உன் ஆர்டர நிறுத்திடுவாங்க. தெரிஞ்சிதான் வந்துகீறியா?"

"தெரியும்டி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், 'ஹெலன் மேடத்தைத் தள்ளிட்டாங்க, அதான் உங்களுக்குக் கிடைச்சுது'ங்கறாங்க. என் மிஷினைப் பத்தி ஒருத்தியாவது பேசணுமே! காதுல கேக்க முடியல. உன் விலையையும் பிரிக்கட்டும்."

"உன் மிஷினப் பத்தி என்னைக் கேட்டா சுமார்னுதான் சொல்லுவேன்."

"நீ என்னிக்கு வேற சொல்லியிருக்கே?" என்று சாருலதா குனிந்து கையெழுத்திட்டார். பேனாவுக்கு மூடி தேடினார், அது அக்காவின் பேனா, மூடி கடிபட்டிருந்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அக்கா பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கையெழுத்து எப்டி முத்து முத்தா போடறா பாரு. பார்த்தாலே பேஜாரா கீது."

நிராகரிப்பு ரத்தானது. செங்கல்பட்டில் இருவர் முன்னிலையிலும் அக்காவின் விலைக் கவரையும் பிரித்தார்கள். சாருலதாவின் விலைதான் குறைவு. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் குறைவு. அதுவரை தள்ளிவிட்டார்கள் என்று சொல்லித் திரியவாவது அக்காவுக்கு ஒரு வாய் இருந்தது. இப்போது யாரும் தள்ளவில்லை, தோற்றார், அவ்வளவுதான். பிறகு வேன் தெருமுனையைக் கடந்தபோதெல்லாம் அக்கா சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

போன வாரம் செய்யூர் ஆஸ்பத்திரியில் பழைய மிஷின் ஒன்றை ரிப்பேர் பார்க்கக் கூப்பிட்டார்கள். அக்காவின் ஸ்கூட்டரில் நானும் தொற்றிக்கொண்டேன். நடையில் ஒரு புது வார்மர் நின்றிருந்தது. காலில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சரிபார்க்க விளக்கை மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் சாருலதா கம்பெனியின் ஸ்டிக்கர்.

அக்கா கடந்து போனார். நின்றார். திரும்பி வந்து புறங்கையை நீட்டினார்.

"புது மிஷினு எப்டிக்கா கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் நர்ஸ் எல்லம்மாள்.

"சுமார்" என்றார் அக்கா.

கையை மட்டும் எடுக்கவில்லை. புறங்கை நன்றாகச் சிவந்த பிறகு, மெல்லத் திருப்பி, உள்ளங்கையையும் சூட்டுக்குக் காட்டினார்.