கரூர் மணலில் கிடைத்த வெள்ளிக் காசு

தேயிலை விலை சரிந்து, தோட்டங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மருந்துச்சாலைக்குப் பொறுப்பாக இருந்தேன். பழைய ரோமானியக் காசுகள் சேர்ப்பது எனக்கிருந்த ஒரே பித்து. தேய்ந்த தலையையும் அதைச் சுற்றியுள்ள அரைகுறை எழுத்துகளையும் புத்தகப் படங்களோடு ஒப்பிட்டு, இன்ன அரசன் என்று கண்டுபிடித்துவிட்டால் அன்று எனக்குச் சோறுகூட வேண்டாம். என்னிடம் ஏழு செம்புக் காசுகளும் ஒரு வெள்ளிக் காசும் இருந்தன.

ஒருநாள், கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி புருஷனின் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தாள். மருந்துக்குப் போத்தலை நீட்ட அவள் குனிந்தபோது, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்திருந்த வெள்ளிக் காசு வெளியே ஆடியது. இலைமுடி சூடிய தலை. ரோமானியக் காசேதான்.

"இது எங்கம்மா கெடச்சது?"

"எங்க ஆத்தா போட்டிருந்ததுங்க. கரூர்ல ஆத்து மணல்ல கெடந்துச்சாம்."

அது எந்த அரசனின் தலை என்று பார்க்க ஒரேயொரு நாள் தரச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் தயங்கினாள். வேலை போய் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் அவளும் புருஷனும் இருந்தார்கள். மருந்து கொடுக்கிறவன் கேட்கும்போது அவளால் எப்படி மறுக்க முடியும்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"வெள்ளிக்கெழம காலையில பொறப்படுறோம். அதுக்குள்ள குடுத்துடுங்க ஐயா" என்று கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள்.

பூதக்கண்ணாடியில் எழுத்துகள் பிடிபடவில்லை. அச்செடுத்தால் தெரியும் என்று, இளக்கிய மெழுகில் காசை அழுத்தி ஆறவிட்டுப் பேனாக்கத்தியால் நெம்பினேன். துளையின் குறுக்கே அது இரண்டாக உடைந்தது. பழைய வெள்ளி உள்ளுக்குள் உளுத்துப்போகும் என்று படித்திருந்தேன். படித்திருந்தும் நெம்பினேன்.

மழையில் நனைந்தபடி தலவாக்கலையிலிருந்த நகை ஆசாரியிடம் ஓடினேன். ஆசாரி துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூடு காட்டுனா நொறுங்கிடுங்க. இத ஒட்ட முடியாது."

திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. பிறகு செய்தது அதைவிடக் கேவலம். என் வெள்ளிக் காசில் துளையிட்டு, அவளுடைய கயிற்றில் கோத்து, வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுபோனேன். அவள் அதைக் கட்டிக்கொள்ளும் முன் பெருவிரலால் ஒருமுறை தடவினாள்.

"இது எங்க காசு இல்லீங்களே."

வேறு வழியில்லாமல் துண்டுகளை நீட்டினேன். "ஒடஞ்சு போச்சும்மா. நாந்தான் ஒடச்சேன். அதுக்குப் பதிலா என் காச வச்சுக்க, மன்னிச்சுக்க."

அவள் திட்டவில்லை. என் காசைக் கயிற்றிலிருந்து உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். துண்டுகளைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த புருஷனைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். படியிறங்கும்போது திரும்பி, "அது யாரு மூஞ்சின்னாச்சும் தெரிஞ்சுச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

கீழே ரயில் நிலையத்துக்குப் போகும் லொறி ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டது. போய்விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துத்தான் அந்த மெழுகைக் கையில் எடுக்க முடிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். ஐந்து எழுத்துகள் தெளிவாக இருந்தன. புத்தகத்தில் அரசனைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அவளுக்கு எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தேன். அவர்களை ஊரிலிருந்து வேலைக்குக் கூட்டிவந்த கங்காணியும் அதே ரயிலில் போய்விட்டிருந்தார். தோட்டத்துப் பதிவில் 'இந்தியாவுக்குப் போனவர்கள்' என்று மட்டும் இருந்தது. கரூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் எத்தனையோ ஊர்கள். அவள் எந்த ஊர் என்று நான் கேட்டதேயில்லை.