தலைக்கு எவ்வளவு குப்பை

போன வருஷம் வரை குப்பை வண்டி தள்ளினேன். கடற்கரைப் பக்கத்துத் தெருக்கள் என் பங்கு. விடுதிகளும் ஓட்டல்களும் அங்கேதான். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, குப்பைமேட்டை ஒட்டிய சந்தில். மேடு உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். என் மனைவிக்கு மூச்சிரைப்பு. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள்.

சில வருஷம் முன்னால், காலாப்பட்டு காலேஜில் படிக்கிற ஒரு பெண் தராசோடு வந்தது. கடற்கரைத் தெரு, மீன்காரர்கள் இருக்கிற பிள்ளைச்சாவடி, எங்கள் சந்து, மூன்று இடத்திலும் வீட்டுக் குப்பையை எடை போடுகிறதாம். அதை ஆள் கணக்குக்கு வகுத்தால், எந்த இடத்து ஆள் தலைக்கு எவ்வளவு கெட்ட காற்று கிளப்புகிறான் என்று தெரிந்துவிடுமாம். சோறும் காய்கறியும் மேட்டுக்கு அடியில் அழுகினால் கண்ணுக்குத் தெரியாத காற்று வரும், அது பூமியையே சூடாக்கும் என்றது.

"சூடு இருக்கட்டும்மா. மேட்ட மூடுவாங்களா?"

"நீங்க போடுறது கொஞ்சந்தான், பொக மட்டும் உங்களுக்குன்னு கணக்கு காட்டுனா, மண்ணு போட்டு மூடச் சொல்லிக் கேக்கலாம்ணா."

என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் சந்தில் பாதிப் பேர் வண்டி தள்ளுகிறவர்கள். விடுதி மூட்டைகளில் சிலதை வீட்டுக்குக் கொண்டுவருவோம். பெண்கள் பிரிப்பார்கள். பாட்டிலும் தகரமும் காயலான் கடைக்குப் போகும். மிச்சம் கொல்லையில் கிடக்கும். இது கூடாது. தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

எடை போடுகிற நாளன்று வேலை முடிந்து வந்தேன். சந்து பளிச்சென்று இருந்தது. காலேஜ் பெண் வீட்டுக்குள் வருகிறதே என்று, போகிக்குச் செய்கிற மாதிரி எல்லாப் பெண்களும் கொல்லையைக் கூட்டி அள்ளி வாசலில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். எங்கள் மூட்டையை அந்தப் பெண்ணால் தூக்க முடியவில்லை. வாய் பிரிந்து இறால் தோலும் பாதி கடித்த ரொட்டியும் விழுந்தன.

"அக்கா, இதெல்லாம் உங்க வீட்டுதா?"

"எங்க ஊட்டுதாம்மா."

"ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்குத்தான்."

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "இன்னாக்கா, தெனம் எறாலா? ஒரு நாளு எங்கள கூப்புடக் கூடாதா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கால் கழுவப் போனேன்.

அந்தப் பெண் போன பிறகு, "ஏன் அப்பிடிச் சொன்ன?" என்றேன்.

"வேற இன்னா சொல்லச் சொல்ற? மூட்ட தூக்கியாந்தது நீயி."

மூன்று மாதம் கழித்துச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். ஒரு தாளில் இடத்துக்கு ஒன்றாக மூன்று கோடு வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைச்சாவடிக் கோடு குட்டையாக இருந்தது. கடற்கரைத் தெரு கொஞ்சம் உயரம். விடுதிக்காரர்கள் உள்ளே விடாததால் அங்கே வீட்டுக் குப்பையை மட்டும் அந்தப் பெண் எடை போட்டதாம். எங்கள் சந்து எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. வந்திருந்த அதிகாரி, "மொதல்ல திருந்த வேண்டியது நீங்கதான்" என்றார். குப்பையைப் பிரித்துப் போட வீட்டுக்கு ஒரு பச்சை வாளி, ஒரு நீல வாளி கொடுத்தார்கள். மேட்டுக்கு மண் போடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்துக் காலாப்பட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டியது.

"இத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணா. நான் திருத்தித் தரேன்."

"பேரு போடணுமா?"

"பேரு இல்லாம எப்பிடிண்ணா?"

பேனா கையில் இருந்தது. மேஸ்திரிக்குத் தெரிந்தால் எங்கள் சந்தில் எத்தனை வண்டி நிற்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"மூடுறாங்களாமா?"

"பாக்கலாம்னு சொல்லுச்சு."

அவள் தலையை ஆட்டினாள். பச்சை வாளியில் குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். மேட்டுப் புகைக் கரி விழாமல் இருக்க மூடி போட்டிருந்தது.