பிசிறு என்று வெட்டிய வேர்கள்

ஊசியக்காவுக்குச் செடிப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் பிள்ளைகள்தான். தடுப்பூசி ஜீப் ஊருக்குள் நுழைந்ததும் அதுகள் புதருக்குள் ஓடி ஒளியும். இந்த நர்ஸம்மாவும் விடாமல் துரத்திக்கொண்டு உள்ளே போவாள். பிள்ளை அகப்படும், கூடவே, அதுவரை பார்த்தே இராத ஒரு பூவும் கண்ணில் படும். பிள்ளைக்கு ஊசி, செடிக்கு நியூஸ்பேப்பர். இருபத்தெட்டு வருட வேலை இப்படித்தான் ஓடியது.

அது ஒரு காலம்! ஜீப்பின் பின்சீட்டில் மருந்து வைக்கும் ஐஸ்பெட்டி, அதன்மேல் இரண்டு பிளைவுட் பலகை. நடுவே பேப்பர் மடிப்புகளில் செடிகளை விரித்து, டிரைவரின் பழைய பெல்ட்டால் இறுக்கிக் கட்டுவாள். ஈரப் பேப்பரைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். சாயங்காலம் விடுதியில் மற்ற நர்ஸுகள் கால் நீட்டிப் படுத்திருக்க, இவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரை மாற்றுவாள். எந்த நாள், எந்த ஓடைக்கரை என்று துண்டுச்சீட்டில் எழுதி, நம்பர் போடுவாள். "வீட்டுக்காரருக்கு லெட்டராக்கா?" என்று கேலி பேசுவார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவள் காதிலேயே நிற்கிறது.

வீட்டுக்காரர் தையல்காரர். ஒரே வீட்டில் இரண்டு ஊசி, பார்த்துப் பழகுங்கள் என்று தெருவே சிரித்தது. காய்ந்த செடியைக் கெட்டி அட்டையில் வைத்து நூலால் தைத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. தண்டுக்கு நான்கு தையல், கிளைக்கு இரண்டு. ஒரு இதழ் உதிராது. அப்படி ஒரு கை!

ஆனால் அந்தக் கை முதல்முறை செய்துவைத்த காரியம் இருக்கிறதே! கல்யாணமான இரண்டாம் வருடம் அது. பத்து நாள் மலைப்பக்கம் போய்விட்டு வந்தாள். அவள் சந்தோஷப்படட்டும் என்று, டிரங்குப் பெட்டியில் இருந்த அறுபத்தொரு செடியையும் அவரே தைத்து முடித்து, மேசைமேல் அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒன்றில்கூட வேர் இல்லை. துணியில் தொங்கும் நூலைப் பிசிறு என்று கத்தரிக்கிற மனிதர்; வேரும் அவருக்குப் பிசிறாகத்தான் தெரிந்திருக்கிறது.

வேர் இல்லாவிட்டால் எத்தனையோ புல்பூண்டுகளை இன்னதென்று அடையாளம் சொல்லவே முடியாது. அவள் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிரே அந்த மனிதர் பரிசு வாங்கப்போகும் பிள்ளைபோல நின்றுகொண்டிருந்தார். என்னத்தைச் சொல்வாள்? "பிரமாதங்க" என்றாள். அடுத்த மாதம் புதுக் கட்டைக் கொடுக்கும்போது, "வேரையும் சேத்துத் தச்சிடுங்க, அதுவும் அழகாத்தான் இருக்கு" என்றதோடு சரி. அந்த அறுபத்தொன்றும் பரணுக்குப் போயின.

இப்போது இருவருக்கும் வயதாகிவிட்டது. செடிகளைக் கல்லூரியில் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று தாவரவியல் டீச்சர் ஒருத்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். கல்லூரிக்காரர்கள் வாங்கிக்கொள்வார்களா என்ற கவலை ஊசியக்காவுக்கு இல்லை. தான் இத்தனை காலம் மூடிவைத்தது அந்த மனிதருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவர் மனசு உடைந்துபோகும் என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

டீச்சர் அட்டைகளைப் புரட்டி வாய்பிளந்தாள். பிறகு, "நம்பர் அறுபத்திரண்டுல இருந்துதான் இருக்கு. முதல் அறுபத்தொண்ணு எங்கம்மா?" என்றாள்.

"அது... பூச்சி அரிச்சுப்போச்சு" என்று ஊசியக்கா மழுப்பினாள்.

"பூச்சியாவது கீச்சியாவது! பரண்மேல இருக்கு டீச்சர்" என்று தையல்காரர் எழுந்தார். முட்டி வலியோடு ஸ்டூலில் ஏறி, கட்டை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார்.

டீச்சரின் முகம் மாறியது. "அய்யய்யோ, வேரையெல்லாம் யாரு வெட்டினது? இதை எடுத்துக்க முடியாதேம்மா."

"நான்தான்" என்று முந்திக்கொண்டாள் ஊசியக்கா. "அப்ப எனக்கு விவரம் பத்தாது."

"பொய் சொல்றா டீச்சர். வெட்டினது நான்" என்றார் அவர். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "வேரையும் தைங்கன்னு நீ சொன்னியே, அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. அப்பவே ரெண்டு திட்டு திட்டியிருந்தா அதோட போயிருக்கும். நீ வாயே திறக்கல. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்குறது? அப்புறம் தச்ச ஒவ்வொரு வேருக்கும் எனக்குக் கை நடுங்கியிருக்கு. உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. அவரைக் காப்பாற்றுவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வந்ததோ முப்பது வருடமாக அடக்கிவைத்த கோபம். மேலே இருந்த அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வேரைப் போயி யாராவது வெட்டுவாங்களா? கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு? இதுக்காகப் பாறை இடுக்குல கைய விட்டு, நகம் பேந்து ரத்தம் ஒழுக ஒழுகத் தோண்டினேன்! கத்திரிக்கோல் கையில இருந்தா என்ன வேணா பண்ணுவீங்களா?"

டீச்சர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் டீ டம்ளரைப் பார்த்தாள். தையல்காரர் தலையைக் குனிந்து ஒரு சொல் விடாமல் கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெல்ல நிமிர்ந்தார்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் அறுபது இருக்கு" என்று ஊசியக்கா அடுத்த அட்டையை எடுத்தாள்.