சூலம் இல்லாத வரி

அறுபதுகளில் என் ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு சமன்பாட்டுக்குப் போய்விட்டன. வாரம் முழுக்கப் பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் டைப் அடித்துவிட்டு, ஞாயிறு காலையிலும் மாட்டுங்காவில் பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போய் டைப் அடிப்பேன். வீட்டில் இருந்தால் எனக்கு இன்னும் வரன் அமையவில்லை என்ற பேச்சுதான் ஓடும். அதற்கு டைப்ரைட்டர் சத்தம் எவ்வளவோ மேல்.

செம்பூரில் இருந்தவர் ரிடையரான இயற்பியல் பேராசிரியர். மாங்காயைக் கீழே இழுக்கும் விசையையும் பல்பை எரிய வைக்கும் மின்சாரத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆயுட்கால ஆசை. உலகத்தில் பெரிய தலைகளெல்லாம் கைவிட்டதைச் செம்பூரில் ஒரு வாத்தியார் கண்டுபிடித்துவிடுவாரா என்று என் அண்ணன் கேலி செய்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன், செம்பூரில் மாங்காய் கீழே விழுவதில்லையா?

டைப்ரைட்டரில் கிரேக்க எழுத்துகள் கிடையாது. ஆகவே நான் வார்த்தைகளை மட்டும் அடித்து, குறிகள் வரும் இடத்தைக் காலியாக விட்டுவிடுவேன். வார நாட்களில் அவர் தன் கைப்பிரதியைப் பார்த்து அந்த இடங்களைப் பேனாவால் நிரப்பி வைப்பார். அந்த எழுத்துகளின் பெயர் எனக்குத் தெரியாது. முறுக்கு, கொக்கி, சூலம் என்று நானே பெயர் வைத்திருந்தேன். அவருக்கு அதில் ஒரே சிரிப்பு.

கட்டுரை முடிந்து வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய வாரம் அது. அவர் நிரப்பி வைத்திருந்த கடைசிப் பக்கங்களைக் கையில் எடுத்தேன். காலி இடங்களெல்லாம் காலியாகவே இருந்தன. குறிகள் என் வார்த்தைகளின் மேலும், ஓரத்திலும் விழுந்து கிடந்தன.

"எல்லாம் சரியா இருக்கோன்னோ?" என்று கேட்டார். என் முகத்துக்குச் சற்றுத் தள்ளிச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு வருஷமாகவே அவர் பூதக்கண்ணாடி வைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தார். வயசுக் கோளாறு என்று அவர் மனைவி, மாமியும் நானும் நினைத்திருந்தோம்.

"இல்லை சார். எழுத்தெல்லாம் இடம் மாறி விழுந்திருக்கு."

பூதக்கண்ணாடியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, "மாமிகிட்ட இப்போ சொல்லாதே. புதுசா அடி. கைப்பிரதியைப் பார்த்து நீயே நிரப்பு. நிரப்பறச்சே வாய்விட்டுப் படி, நான் கேட்டுக்கறேன்" என்றார்.

அப்படியே செய்தேன். முறுக்கு, கொக்கி, கீழே சின்ன கொக்கி, சூலம். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே வந்தார். எனக்குக்கூட ஒரு தைரியம் வந்தது. அடுத்த வரிக்குப் போனேன்.

"இரு. சூலம் எங்கே?"

"இந்த வரியிலே இல்லையே சார்."

"முந்தின வரியிலே இருந்ததே?"

"அதுலே இருக்கு. இதுலே நீங்க எழுதலை."

கைப்பிரதியின் அந்தப் பக்கம் போன வருஷம் எழுதியது. மங்கிய கண் ஒரு குறியைத் தாண்டிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கட்டியதெல்லாம் அந்த வரியின் மேல்தான் நின்றது. சூலத்தைச் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதினேன். அதற்கடுத்த வரிகளை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ரெண்டும் ஒட்டலைம்மா," என்றார். "தப்பா எழுதினப்போ ஒட்டித்து. சரியா எழுதினா ஒட்டலை."

"வேற வழி இருக்கும் சார்."

"இருக்கும். அதைத் தேடக் கண்ணு வேணுமே."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். புதிதாகச் சேர்த்த குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சூலத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் போகவில்லை.

மாமி காபியோடு வந்து, "நாளைக்குப் போஸ்ட் பண்ணிடலாமா? நல்ல நாளாம்" என்றாள். அவர் என் பக்கம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். அதன் மூடியை மேஜையில் தடவி எடுத்து, ஒரே தடவையில் சரியாகப் பொருத்தி, இறுக்கித் திருகிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.